உள்ளூரார் என்பார் யாவர்?

உழைப்பும் ஓய்வும் மக்கள் வாழ்க்கையாகிய வண்டிக்கு இரு சக்கரங்கள் போல்வன. ஒன்று மட்டும் சுழன்று மற்றொன்று நின்றுவிடின் வண்டி நெடுந்தூரம் செல்லாது. இவ்வுண்மையை யாவரும் ஒப்புவர். ஆயினும், ஓய்வு நாளின் இன்பத்தையும் விலை கொடுத்தே பெறவேண்டிய இக்காலத்தில், அவ்விலை யாருக்கு எவ்வளவு என்று சிந்திப்பார் சிலரே. கேளிக்கைப் பூங்காக்கள் தம் வட்டாரத்து மக்களுக்கு நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தல் முறையாகுமா? முறையாகுமெனின், ‘உள்ளூரார்’ எனப்படுவார் யாவர்? இவ்விரு வினாக்களையும் திருப்பூரை முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வெண்ணம் எம் உள்ளத்தில் எழுந்தது கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று திருப்பூர் நண்பர் ஐவர் கூடி ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவிற்குச் சென்றோம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. ஐவேமும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் பயின்றவர்கள். நால்வர் இன்று கல்லூரி மாணவர். ஐந்தாமவர் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பனியன் கம்பெனியொன்றில் ஓவர்லாக் தைக்கின்றார். சீட்டு வழங்குமிடத்தில் நால்வரும் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினோம், கட்டணம் குறைந்தது. நண்பர் தம் கம்பெனி அட்டையைக் காட்டினார். அது செல்லாது என்றனர். பெற்றோர் பொருளில் படிக்கும் நால்வருக்குச் சலுகை. தம் கையால் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்கும் ஒருவருக்கு முழுக் கட்டணம்! அவர் ஒன்றும் கூறாது சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தார். அன்று மாலைவரை நீரிலாடி மகிழ்ந்தோமேனும், அச்சிரிப்பு எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

திருப்பூரின் பெருமையை நம் வாசகர் அறிவர். 2024–25ஆம் நிதியாண்டில் அந்நகரிலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்ற பின்னலாடைகளின் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அப்பெருஞ் செல்வத்தை ஈட்டித் தருவோர் கட்டிங் மேசையிலும், தையல் பொறியிலும், செக்கிங், அயர்னிங் பிரிவுகளிலும், கைமடி வேலையிலும் நாள் முழுதும் நிற்பவர்கள். காலை எட்டரை மணிக்குப் புகுந்தால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரை மணிக்கு வெளிவருதல் அங்குப் பலருக்கும் வழக்கம். சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வரும். மறுநாள் ஞாயிறு ஒன்றே ஓய்வு. அவ்வொரு நாளில் துணி துவைத்து, சந்தைக்குச் சென்று, எஞ்சிய பொழுதில்தான் குழந்தைகளின் முகம் பார்த்தல் வேண்டும்.

அத்தகையோர் குடும்பத்துடன் பூங்காவிற்குச் செல்ல எண்ணின் செலவு என்னாகும்? 2025ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் வட்டாரத்தில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட கட்டணம் ஆளுக்கு 1,489 ரூபாய் முதல். பெரியவர் நால்வர் சென்றால் 5,956 ரூபாய். வழிச்செலவும் உணவும் வேறு. அங்கும் கல்லூரி மாணவர்க்கு நூற்றுக்கு 20 குறைக்கப்படும் என அறிவித்தனர். அச்சலுகையைப் பழித்தல் எம் கருத்தன்று. அஃது எமக்கு மட்டும் ஏன் என்பதே எம் வினா.

‘பூங்கா தனியார் வாணிபம்; விலையைக் குறை என்று கேட்கப் பிறர்க்கு என்ன உரிமை?’ என்பார் உளர். முழுதும் தனியார் பொருளால் நடப்பதாயின் அவ்வாதம் ஒருவாறு பொருந்தும். ஆனால் மேற்கூறிய பூங்காவிற்கு, நூற்றுக்கு 10 வீதம் செலுத்தவேண்டிய உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலிருந்து 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு விலக்களித்தது. நாடெங்குமுள்ள பூங்காக்களின் நுழைவுச் சீட்டிற்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு, சேவை வரியும் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உள்ளாட்சி வரி என்பது யாருடைய பொருள்? அவ்வூரின் தெருவிளக்கிற்கும் குடிநீர்க் குழாய்க்கும் உரிய பொருள். அதனை விட்டுக்கொடுத்த ஊரார், ஈடாகச் சிறு சலுகை கேட்பது இரப்பன்று, கணக்குக் கேட்பதேயாம்.

உள்ளூரார்க்குச் சலுகை என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதுமன்று. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில், 20 கிலோமீட்டருக்குள் வாழ்வோர் வாணிபமல்லாத தம் வண்டிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மாதச் சீட்டுப் பெறலாம் என்பது 2008ஆம் ஆண்டு விதி. பெருந்துறைக்கும் அவிநாசிக்கும் இடையே விஜயமங்கலம் சாவடியைக் கடப்போர் இதனை நன்கறிவர். காரில் செல்வார்க்குச் சாலையில் ஒப்புக்கொண்ட முறைமையை, பேருந்தில் வருவார்க்குப் பூங்காவில் மறுப்பானேன்?

இனி, உள்ளூரார் யாவர் என்னும் வினா. இதுவே எளிதிற் பிழை நேரும் இடம். திருப்பூரார் எளிதிற் சென்றடையும் பூங்காக்களுள் பெயர் பெற்றவை இரண்டு: மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலையடிவாரத்திலுள்ள பிளாக் தண்டர் ஒன்று, கோவைக்கு மேற்கே சிறுவாணிச் சாலையிலுள்ள கோவைக் கொண்டாட்டம் மற்றொன்று. இரண்டும் கோயம்புத்தூர் மாவட்டத்தவை. மாவட்ட எல்லையே அளவுகோலாயின், 2009ஆம் ஆண்டு வரை அம்மாவட்டத்திலேயே இருந்த திருப்பூர் நகரார் இன்று வெளியூராராகி விடுவர். மேட்டுப்பாளையத்தில் பவானியாற்றிலிருந்து எடுத்த நீரைத் திருப்பூர் நெடுங்காலமாகக் குடித்து வருகின்றது. ஒரே ஆற்று நீரைப் பருகுவோரை ஒரு கோடு கிழித்து அயலார் ஆக்குதல் தகுமோ?

ஆதார் அட்டையிலுள்ள முகவரியை அளவுகோலாகக் கொள்ளினும் இடர் நீங்காது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரில் ஆண்டுக் கணக்காய் உழைப்போர் மிகப் பலர். நம் தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களும் உளர். இவர்களுள் பலருடைய அட்டையில் இருப்பது பிறந்த ஊரின் முகவரி. இவர்கள் வாடகை தருவது திருப்பூரில். கடையில் வரியோடு பொருள் வாங்குவது திருப்பூரில். பிள்ளைகள் தமிழ் எழுத்துப் பயில்வதும் திருப்பூர்ப் பள்ளியில். இவர்களை விலக்கிய சலுகை, உள்ளூரார் சலுகை என்னும் பெயருக்கு உரியதன்று.

இதற்குப் பிறநாட்டு எடுத்துக்காட்டொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு அனஹைம் நகரில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டு, சில பருவங்களில் தென் கலிபோர்னியாவில் வாழ்வார்க்குக் குறைந்த விலைச் சீட்டுகளை விற்று வந்துள்ளது. அஞ்சல் குறியீட்டெண் 90000 முதல் 93599 வரையுள்ள ஊரார் அதற்கு உரியர். அவ்வளவோடு நில்லாது, எல்லைக்கு அப்பால் மெக்சிகோ நாட்டிலுள்ள வட பாஜா கலிபோர்னியாவின் 21000 முதல் 22999 வரையுள்ள எண்களையும் சேர்த்துக்கொண்டது. நாட்டெல்லையையும் கடந்து அண்மையில் வாழ்வாரை உள்ளூரார் என்று அப்பூங்கா எண்ணியது. இஃது அறத்தின் பொருட்டுச் செய்தது அன்று என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இராட்டினம் நிறைந்து சுற்றினும் வெறிதே சுற்றினும் மின்செலவு பெரிதும் வேறுபடாது. தொலைவிலிருந்து வருவார் ஒருமுறை வருவர். அண்மையிலுள்ளார் அடுத்த ஆண்டும் வருவர். வாணிபமும் நீதியும் கைகோத்துச் செல்லும் இடம் இது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மாவட்ட எல்லையை நோக்காது, அண்மையை நோக்கிச் சலுகை வழங்குதல். இரண்டாவது, ஆதாரோடு ஈ.எஸ்.ஐ. அட்டை, கம்பெனி அடையாள அட்டை, குழந்தையின் பள்ளி அட்டை ஆகியவற்றுள் ஒன்றையும் சான்றாக ஏற்றல். சிறு ஜாப் ஒர்க் கூடங்களில் ஈ.எஸ்.ஐ. இல்லாதாரும் உளராதலின் ஒரே சான்றைக் கேட்டல் ஆகாது. மூன்றாவது, சலுகை ஞாயிற்றுக்கிழமையிலும் செல்லுதல். செவ்வாய், புதன் கிழமைகளில் மட்டும் விலையைக் குறைப்பது, தையற்பொறியின் முன் இருப்பார்க்குப் பசித்தவன் கனவில் உண்ட விருந்தேயாம். ஞாயிறு நெரிசல் மிகுந்த நாள் என்பது மெய்யே. நாளொன்றுக்கு இத்துணைச் சீட்டு என வரையறுத்து, முன்பதிவு செய்வார்க்கு வழங்கின் அவ்விடரும் தீரும்.

‘ஏழைக்கு இராட்டினம் எதற்கு? நஞ்சராயன் குளத்தில் பறவைகளைப் பார்க்கலாமே’ என்று சிலர் கூறக்கூடும். 2024ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அக்குளம் திருப்பூருக்கு அணிகலமே. யாமும் சென்று மகிழ்ந்துள்ளோம். ஆனால் பறவை பார்ப்பதா, நீரில் விளையாடுவதா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உழைப்பவருக்கும் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று வகுத்தற்கு நாம் யார்?

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். அடையாள அட்டையை நீட்டிச் சலுகை பெறும்போதெல்லாம், பின்னால் வரிசையில் நிற்பவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அவரும் நம் வயதினராய் இருத்தல் கூடும்; நாம் அணிந்திருக்கும் ஆடை அவர் தைத்ததாயும் இருத்தல் கூடும். பூங்காக்களின் நிருவாகத்தார்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் நம் மாணவர் மன்றத்தின் வாயிலாக இக்கருத்தை எழுதி அனுப்புவோம். எதிர்வரும் கோடையில் அந்நண்பரை மீண்டும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அன்று ஐவேமும் ஒரே விலை கொடுத்து உள்ளே நுழைதல் வேண்டும் என்பதே எம் விழைவு.