ஆய்வு போதும், தேர்தலை வையுங்கள்

ஜனநாயக நிறுவனங்களைப் பலப்படுத்துவது பற்றிக் கொழும்பில் ஆய்வறிக்கைகள் குவிகின்றன. நான் கேட்பது ஒன்றே: கந்தளாய் மக்களின் மாகாண சபை எங்கே?

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதே மாதம் நாடாளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கைக்கு எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. பழைய முறை போயிற்று, புதியது வரவில்லை. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் மாகாணம் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கையிலேயே இருந்தது.

மாகாண சபை தமிழர் விவகாரம் என்போர் கந்தளாயைப் பார்க்கட்டும். சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் அப்பிரதேசமும் அல்லவா வாக்கை இழந்தது? பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். பூட்டியவர்களிடமே திறப்பும் இருக்கிறது. இதற்கு இன்னோர் ஆய்வு எதற்கு?