திறந்த பேக்கில் யார் பெயர்?

கார்ட்லெஸ் கருவியின் பேட்டரி பேக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண், வோல்ட், ஆம்பியர் மணி, அதற்குப் பக்கத்திலோ பிளாஸ்டிக்கிலோ தயாரித்த காலத்தைச் சொல்லும் ஒரு குறியீடு. பட்டறையில் இதை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. வோல்ட்டைப் பார்த்ததுமே ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கிவிடுகிறோம். ஒரு கம்பெனி பழுதான பேக்குகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்போதோ, இந்த மாடல், இந்தக் குறியீட்டிலிருந்து இந்தக் குறியீடு வரை என்றுதான் அறிவிக்கிறது. செல் மாற்றிக் கொடுக்கும் நம் தொழில் அந்த இரண்டு விவரங்களையும் சத்தமில்லாமல் பொய்யாக்கிவிடுகிறது. இந்த இதழில் அதைப் பேசியாக வேண்டும்.

லித்தியம் பேட்டரியும் திரும்பப் பெறுதலும் ஒன்றாகவே வளர்ந்தவை. கனடாவின் மோலி எனர்ஜி, லித்தியம் உலோகத்தையே நெகடிவ் முனையாக வைத்த, மறுபடி சார்ஜ் ஆகும் செல்லை எண்பதுகளில் விற்றது. 1989இல் ஜப்பானில் அந்தச் செல் பொருத்திய கைபேசி தீப்பிடித்தது. கைபேசிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கம்பெனி நொடித்துக் கைமாறியது. லித்தியம் உலோகத்தை விட்டுவிட்டு, கார்பனுக்குள் லித்தியம் அயனியை ஏற்றி இறக்கும் வழிக்குத் தொழில் உலகம் திரும்பியதில் அந்தத் தீக்குப் பங்கு உண்டு. 1991இல் சோனி அந்த வகைச் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், 2005இல் மில்வாக்கி 28 வோல்ட் கருவிகளை லித்தியம் அயன் பேக்கோடு இறக்கியபோது உள்ளே இருந்தவை அதே மோலியின் வழிவந்த செல்கள்தாம். இன்று நம்மில் பலர் தேடி வாங்கும் மோலிசெல்லும் அந்த வம்சம்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2006. டெல் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, ஆப்பிளும் பின்தொடர்ந்தது. செல்கள் சோனியுடையவை. தயாரிக்கும்போது உள்ளே புகுந்த நுண்ணிய உலோகத் துகள்கள் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கக்கூடும் என்பதுதான் குறை. இப்படிப்பட்ட செல்லை மேஜையில் வைத்துச் சோதித்துப் பாருங்கள்: வோல்ட் சரியாக இருக்கும், கொள்ளளவு சரியாக இருக்கும், உள் மின்தடையும் சரியாகவே இருக்கும். மாதக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு ஒரு நாள் கொதிக்கும். மீட்டரால் பிடிக்க முடியாத குறை இது. எந்த ஆலை, எந்தக் காலம், எந்த லாட் என்ற விவரம் ஒன்றுதான் பிடி. அந்த விவரம் போய்விட்டால் கம்பெனிக்கே தன் செல் எது என்று தெரியாது.

இப்போது நம் பட்டறைக்கு வருவோம். பழைய லேப்டாப் பேக்கை உடைத்தெடுத்த செல்களை 18 வோல்ட் ட்ரில் பேக்கின் கூட்டுக்குள் வைத்துக் கொடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியே ஜப்பான் கம்பெனியின் பெயரும் தேதியும் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது யாருடையது என்று சொல்ல ஒரு எழுத்தும் இருக்காது. எச்.பி. 2016இல் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டு 2017இல் பட்டியலை நீட்டியது. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பேக் பழைய இரும்புக் கடை வழியாக உடைபட்டு வந்தால், ஸ்டிக்கர் லேப்டாப் கூட்டோடு போய்விடும், செல் மட்டும் ட்ரில்லுக்குள் வந்துவிடும். போதாததற்கு லேப்டாப் செல் மெதுவாக மின்சாரம் கொடுக்கப் பிறந்தது. பத்து செல் பேக்கில் கிரைண்டரை அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு செல்லிடமும் 15, 20 ஆம்பியர் கேட்கும். அது தாங்காது.

புதுச் செல் என்று வருபவையும் எல்லாம் புதிதல்ல. 9900 மில்லி ஆம்பியர் மணி என்று ஸ்லீவ் போட்ட 18650 செல்லை இன்னும் சிலர் வாங்குகிறார்கள். அந்த அளவில் நல்ல கம்பெனி கொடுப்பதே அதிகபட்சம் 3500 சொச்சம்தான்; அதிக ஆம்பியர் தாங்கும் கருவிச் செல்லில் 2500, 3000. ஸ்லீவில் பொய் எழுதியவன் லாட் எண்ணையா உண்மையாக எழுதியிருப்பான்? 18650 செல்லைத் தனியாக வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் பொதுமக்களை எச்சரித்தது. தனிச் செல்லுக்குப் பாதுகாப்புச் சுற்று கிடையாது என்பது அதற்கு ஒரு காரணம். எச்சரிக்கை மெக்கானிக்குகளுக்கு அல்ல என்றாலும் காரணம் நமக்கும் பொருந்தும்.

நம் கைக்கு வரும் பேக்குகளில் பெரும்பாலானவை திரும்பப் பெறும் பட்டியலில் இருப்பவை அல்ல என்பதும் உண்மை. ஐந்து வரிசையில் ஒன்று மட்டும் இறங்கியிருக்கும். போர்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே வரிசையிலிருந்து உறிஞ்சும் வடிவமைப்பில், அலமாரியில் சும்மா கிடந்த பேக்கே இப்படி ஆகும். சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டும். வாடிக்கையாளர் பேக் செத்துவிட்டது என்று கொண்டுவருவார். மற்ற நான்கு வரிசைகளும் நன்றாகவே இருக்கும். அந்த ஒரு வரிசை 3 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் மெதுவாக ஏற்றிச் சமப்படுத்தலாம், தவறில்லை. ஆனால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே வாரக்கணக்கில் கிடந்த வரிசையை இன்னொரு பேக்கிலிருந்து வயர் இழுத்து 'ஜம்ப்' கொடுத்து எழுப்புவது வேறு கதை. அவ்வளவு இறங்கிய செல்லில் நெகடிவ் முனையைத் தாங்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட்டுக்கு வழி வைக்கும். சார்ஜர் அந்தப் பேக்கை மறுத்தது சரிதான். நாம்தான் அதன் வாயை அடைத்துவிட்டு வாடிக்கையாளரின் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கும்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதே சட்டம் பொருளுக்குச் சேவை செய்தவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்ற கடைக்காரர் ஒதுங்கிக்கொள்ள வழி உண்டு. மாற்றியமைத்தவருக்கு அந்த வழி இல்லை. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளோ, பழைய பேட்டரியைப் புதுப்பிப்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. மூலைக் கடையில் செல் மாற்றுவதும் இதில் அடங்கும் என்றே படிக்கத் தோன்றுகிறது. சங்கங்கள் வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. பேக்கைத் திறப்பதற்கு முன் அடி ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து, மாடல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் ஒரு முறை தேடுங்கள். பட்டியலில் இருந்தால் திறக்காதீர்கள். கம்பெனியிடம் சொல்லி அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள். அதைக் கூரியரில் போட்டுவிடவும் கூடாது. குறையுள்ளது என்று தெரிந்த, தீப்பிடிக்க வாய்ப்புள்ள லித்தியம் பேக்கை விமானத்தில் ஏற்ற உலகெங்கும் தடை இருக்கிறது. செல் மாற்றினால் பழைய தேதிக் குறியீட்டை அடித்துவிட்டு, மேலே உங்கள் ஸ்டிக்கரை ஒட்டுங்கள்: பட்டறையின் பெயர், மாற்றிய தேதி, செல்லின் கம்பெனியும் மாடலும், வாங்கிய பில் எண். அதையே ஒரு நோட்டில் வாடிக்கையாளரின் போன் எண்ணோடு எழுதி வையுங்கள்.

ஸ்டிக்கரைப் பார்த்தால் 'டூப்ளிகேட்' என்று நினைத்து வாடிக்கையாளர் போய்விடுவார் என்று ஒரு தயக்கம் உண்டு. போகிறவர்கள் சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் பேக் பழுதாகி வரும்போது, இது நான் போட்ட செல்லா, எனக்குப் பின் வேறு யாரோ திறந்ததா என்று அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும். ஒரே பில்லில் வாங்கிய செல்களில் இரண்டு பேக் சூடாகித் திரும்பி வந்தால், மீதி யார் யாரிடம் இருக்கிறது என்று நோட்டைப் புரட்டி அன்றே போன் செய்து வாங்கி வைத்துவிடலாம்.