வரையறை முடிவாகும் வரை காத்திருக்க வேண்டுமா?

எடை மெஷினைப் பிரௌசரோடு நேரே இணைத்துவிடலாமா என்று சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் கேட்கிறார்கள். இணைக்கலாம். அதற்கான வெப் சீரியல் என்ற வசதி 2021இல், குரோம் 89இலேயே வந்துவிட்டது. தராசில் பிச்சிப்பூவை வைத்ததும் எடை தானாகப் பில்லில் ஏறும். காலை நெருக்கடியில் எண்ணைத் தப்பாகத் தட்டும் பிழை குறையும். ஆனால் வெப் சீரியலின் வரையறை வரைவாகத்தான் இருக்கிறது. சஃபாரியில் அந்த வசதி கிடையாது. அதனால் ‘ஸ்பெக் முடிவாகட்டும், பிறகு தொடலாம்’ என்று மூத்தவர்கள் தடுக்கிறார்கள்.

இந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் தினமும் எழுதும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், டபிள்யூ3சியின் கணக்கில் இறுதிப் பரிந்துரையாக ஆகாமல் பரிந்துரை வேட்பு நிலையிலேயே நிற்கிறது. எச்டிஎம்எல்லுக்கு இறுதிப் பதிப்பு என்பதே இல்லை. தொடர்ந்து திருத்தப்படும் ஒரே ஆவணம் போதும் என்று 2019இல் டபிள்யூ3சியும் வாட்விஜியும் உடன்பட்டன. முடிவுக்காகக் காத்திருப்பவர் எதையுமே கட்ட முடியாது. அவசரப்பட்டவர்களும் எப்போதும் கெட்டுப்போகவில்லை. 2009 வரைவை நம்பி ‘டிஸ்ப்ளே: பாக்ஸ்’ என்று எழுதியவர்கள், 2012இல் அது ‘ஃப்ளெக்ஸ்’ ஆனபோது ஸ்டைல் ஷீட்டில் சில வரிகளை மாற்றினார்கள். பக்கத்தில் இருந்த சொற்களுக்கோ விலைப்பட்டியலுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் தமிழில் இதே அவசரத்துக்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறோம். அந்தக் கதை இன்று வேலைக்கு வரும் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

1991இல் வெளியான யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. வரையறை இருந்ததே தவிர, அதைக் காட்டும் கணினி வாசகர் வீட்டில் இல்லை. விண்டோஸ் தமிழ் யூனிகோடைக் கையாளத் தொடங்கியது விண்டோஸ் 2000இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ் இதழ்கள் வலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. 1997இல் நெட்ஸ்கேப் 4 ஒரு வகை இறங்கு எழுத்துருவையும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ‘ஈஓடி’ என்ற இன்னொரு வகையையும் கொண்டுவந்தன. வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தோடு ஃபாண்ட்டும் இறங்கிவிடும். இதற்கான ‘ஃபாண்ட்-ஃபேஸ்’ விதி 1998இல் சிஎஸ்எஸ் 2இல் இடம்பெற்றது. ஆனால் ஃபாண்ட் கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் உடன்பாடு வரவில்லை. சிஎஸ்எஸ் 2.1இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட வோஃப் வடிவம் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது 2012 டிசம்பரில்.

அதற்குள் பல நாளிதழ்களும் வார இதழ்களும் ஆண்டுக்கணக்கில் ஈஓடியை நம்பிப் பக்கம் போட்டுவிட்டன. ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அத்தகைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிக் காட்டுவதற்கென்றே ‘பத்மா’ என்ற நீட்சி ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது.

ஈஓடியைப் பயன்படுத்தியது தவறென்று நான் சொல்ல மாட்டேன். அது வெறும் உடுப்பு, பின்னால் மாற்றியிருக்கலாம். தவறு அதற்கு உள்ளே நடந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஃபாண்ட்டுக்குத் தானே ஒரு குறியாக்கம் வைத்துக்கொண்டது. ஒருவர் ‘க’ வைத்த எண்ணில் இன்னொருவர் ‘ஞ’ வைத்தார். எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அட்டவணையைப் பலர் வெளியிடவும் இல்லை. ஃபாண்ட் போனதும் செய்தியே போயிற்று. தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது.

அதே காலத்தில் மதுரைத் திட்டம் எடுத்த முடிவை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சியும் யூனிகோடுக்காகக் காத்திருக்கவில்லை. திஸ்கி என்ற 8 பிட் குறியாக்கத்தில் தமிழ் நூல்களை வலையில் ஏற்றினார்கள். திஸ்கி பலர் கூடிப் பேசி வகுத்தது. அட்டவணை திறந்தே கிடந்தது. அதில் ‘கெ’ என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் முறை தலைகீழ். அதை இடம் மாற்ற ஒரு சிறு நிரல் போதுமாக இருந்தது. அந்த நூல்கள் யூனிகோடில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

ஆகவே வரையறை முடிந்ததா என்று பார்ப்பதைவிட, இந்த நுட்பம் நாளை போய்விட்டால் வாடிக்கையாளரின் தரவு அதோடு போகுமா என்று பார்ப்பதே நம் வேலை. பிரௌசருக்குள்ளேயே தரவுத்தளம் வைக்கும் வெப் எஸ்க்யூஎல்லை நம்பி இணையம் இல்லாமலும் இயங்கும் செயலிகளை எழுதியவர்கள் இதை அனுபவித்தார்கள். அதைச் செயல்படுத்திய எல்லாப் பிரௌசரும் எஸ்க்யூலைட் என்ற ஒன்றையே உள்ளே வைத்திருந்ததால், தனித்தனிச் செயலாக்கங்கள் இல்லாமல் வரையறையை மேலே கொண்டுபோக முடியாதென்று 2010 நவம்பரில் அந்த வேலை நிறுத்தப்பட்டது. 2023இல் குரோமும் அதை நீக்கியது. தரவு அங்கே மட்டும் இருந்தால் அதை வெளியே எடுத்து வேறிடத்தில் சேர்க்கும் பாடு நம்முடையது.

எடை மெஷின் அப்படியல்ல. போர்ட்டிலிருந்து வருவது ஓர் எண். அது சாதாரண அட்டவணையில் போய் உட்காருகிறது. எடையைக் கையால் தட்டும் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். போர்ட்டோடு பேசும் நிரலை ஒரே கோப்பில் அடக்குங்கள். ஐபோனில் இது ஓடாது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுங்கள், கடைக்காரர் தெரிந்தே பணம் கொடுக்கட்டும். இவ்வளவையும் செய்தவர் தாராளமாக வெப் சீரியலைப் போடலாம். ஒரு விசைத்தறிச் சேலைக்காரரின் வரவு செலவு முழுவதையும் ஒரே பிரௌசரின் சேமிப்பில் வைக்கிற திட்டத்தை மட்டும், அதன் வரையறை முடிந்தே போயிருந்தாலும், கையில் எடுக்காதீர்கள்.

அடுத்த இதழிலிருந்து செய்முறைக் கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே மூன்று தகவல்கள் இருக்கும்: வரையறை எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பிரௌசர்களில் ஓடும், வசதியை எடுத்துவிட்டால் தரவு என்ன ஆகும். மூன்றாவது இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவோம். பழைய தமிழ் ஃபாண்ட்களின் குறியாக்க அட்டவணை எவரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் முழுமையாக அச்சிடுகிறோம். அந்த அட்டவணை கிடைத்தால் மீட்கக்கூடிய செய்திகள் பழைய வட்டுகளில் இன்னும் இருக்கின்றன.