வெள்ளையை விட்டு வையுங்கள்

பரணில் கிடந்த மகளின் வாட்டர் கலர் பெட்டியோடு ஒரு நாள் காலை ஓரிக்கையிலிருந்து கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய மணற்கல் கோயில்.

முதல் படம் சேறாகிவிட்டது! வெயில் பட்ட இடத்துக்கு வெள்ளை வர்ணம் பூசியதுதான் தப்பு. அங்கே காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். மற்ற இடத்தில் மஞ்சள் காவியை நீர்க்கப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே நிழலுக்குப் பழுப்போடு துளி நீலம். நிழல் நகர்ந்துவிடும்; முதலிலேயே பென்சிலால் அதன் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தென்னாட்டுச் செல்வங்கள்' தந்த ஓவியர் சில்பி, கோயில்களிலேயே உட்கார்ந்து வரைந்தவர். நமக்கு ஒரு மணி நேரமாவது பொறுமை வேண்டாமா?

படத்தைப் பார்த்த எதிர்வீட்டுப் பாட்டி, "என் வூட்டையும் வரைஞ்சு குடும்மா, அடுத்த மாசம் இடிக்கப் போறாங்க" என்றார். நாட்டு ஓடு, திண்ணை, கதவு வழியே தெரிந்த குழித்தறி எல்லாம் வரைந்தேன். இப்போது அங்கே மாடி வீடு. கூடத்தில் மாட்டிய படத்தைக் காட்டி, "இங்கதான் உங்க தாத்தா நெஞ்சாரு" என்று பேத்திக்குச் சொல்கிறார்.

உங்கள் தெருவிலும் ஓட்டு வீடு இருக்கிறதா? இந்த வாரமே வரைந்துவிடுங்கள், சகோதரிகளே!