புழு போய்விட்டது, இரும்பு திரும்பியதா?

புனே ஜில்லா பரிஷத்தின் தலைமைச் செயல் அதிகாரி அவர்களுக்கு,

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இதே குடற்புழு நீக்கத் திட்டம்தான் நடக்கிறது என்பதால் இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என இருமுறை வருகிறது. தளேகாவிலும் சுற்றியுள்ள மாவள் கிராமங்களிலும் பெற்றோர் ‘ஜந்தாச்சி கோளி’ என்று சொல்லும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோலைப் பிள்ளைகள் ஆசிரியர் எதிரிலேயே மென்று விழுங்குகிறார்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை மேலிடத்துக்குப் போகிறது. அந்த இரண்டு நாட்களைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை. இடைப்பட்ட இருபத்தாறு வாரங்களில் தர வேண்டிய இரும்பு மாத்திரையும் அதே ஏட்டில், அதே கண்டிப்போடு எண்ணப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காரணம் எளிய கணக்குதான். கொக்கிப்புழுவில் நெகேட்டர் இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்கும். அன்கிலோஸ்டோமா இனமென்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. குடலில் ஐம்பது நெகேட்டர் இருந்தால் ஒன்றரை மில்லிலிட்டர், அதாவது அரை மில்லிகிராம் இரும்பு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சோறும் பாக்ரி ரொட்டியும் பருப்பும் உண்ணும் பிள்ளை ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பே ஒரு மில்லிகிராம் அளவில்தான். அதுவும் வளர்ச்சிக்கே சரியாகப் போய்விடும். அல்பெண்டசோல் கசிவை நிறுத்தலாம், மாதக்கணக்கில் போனதைத் திருப்பித் தராது. ஓட்டையை அடைத்ததால் மட்டும் குடம் நிறைவதில்லை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஒரு கிராம் குறைந்திருந்தால், அதை ஈடுகட்டவே அறுபது மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். 2018இல் வந்த ‘இரத்தசோகையற்ற பாரதம்’ திட்டத்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுவரை வாரம் ஒன்று தரப்படும் இளஞ்சிவப்பு மாத்திரையில் 45 மில்லிகிராம் இரும்பு உண்டு. பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தால்கூட, இழந்ததை மீட்கப் பதினான்கு வாரம் ஆகும். பாதி வாரங்கள் தவறினால் ஆகஸ்ட் வரும்போதும் கடன் தீர்ந்திருக்காது. ஆகஸ்டில் இங்கே நெல்வயல் ஈரம்; மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறும் புழுக்குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. விழுங்கிய மாத்திரை புதிய தொற்றைத் தடுக்கவும் செய்யாது.

புழுநீக்கமே பயனற்றது என்று வாதிடுவோர் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ‘தேவ்தா’ ஆய்வைக் காட்டுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்தும் எடையிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று 2013இல் அது வெளியானது. அதைப் புழுநீக்கத்துக்கு எதிரான தீர்ப்பாக நான் படிக்கவில்லை. இரும்பு தராத மாத்திரையிடம் எல்லாப் பலனையும் எதிர்பார்த்ததே பிழை. இரும்பு தருவதற்கு எதிராக இதைவிடக் கனமான ஆட்சேபம் சான்சிபாரின் பெம்பா தீவிலிருந்து வருகிறது. மலேரியா கடுமையாக இருந்த அங்கே இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற சிறு குழந்தைகளிடம் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடின. 2006இல் வந்த அந்த முடிவை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே கொடுத்தது மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு, நாள்தோறும். இரும்புக் குறை உண்மையில் இருந்தவர்களுக்கு அந்தத் தீங்கு தெரியவில்லை என்பதையும் அதன் துணையாய்வே காட்டியது. வாரம் ஒருமுறை, உணவுக்குப் பின், பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தருவது வேறு கதை. காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு அன்று தர வேண்டாம், அவ்வளவுதான். எல்லா இரத்தசோகையும் இரும்பால் வருவதில்லை என்பதும் சரியே. 2016-18இன் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு ஐந்து முதல் ஒன்பது வயதினரில் 24 சதவீதத்தினரிடம் இரத்தசோகையும் 17 சதவீதத்தினரிடம் இரும்புக் குறையும் கண்டது. மூன்று மாதம் மாத்திரை எடுத்தும் தேறாத பிள்ளையை, குறிப்பாகப் பழங்குடிக் குடியிருப்புகளில், அரிவாள் செல் சோதனைக்கு அனுப்பலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. 2023 மார்ச்சில் உதகமண்டலத்துப் பள்ளி ஒன்றில் மாணவிகள் போட்டி போட்டு இரும்பு மாத்திரைகளை அள்ளி விழுங்கினார்கள். ஒரு சிறுமி இறந்தாள். மிட்டாய் நிறத்தில் இருப்பதால் அது மிட்டாய் ஆகிவிடாது. ஆகவே பட்டையாகக் கொடுத்தனுப்புவது கூடாது. கிச்சடி சாப்பிட்டு முடித்ததும், கண்ணெதிரில், ஒன்று மட்டும், மிச்சம் பூட்டிய அலமாரியில். மலம் கறுக்கும், வயிறு சற்றுப் புரட்டும் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மே மாத விடுமுறையில்தான் சிக்கல். பள்ளி மூடியிருக்கும் அந்த வாரங்களில் ஆஷா பணியாளர் வீடு தேடிச் சென்று வாரத்துக்கு ஒன்றாகத் தரலாம். அதற்கு அவருக்குத் தனிப்படி ஒதுக்க வேண்டும், ஏற்கெனவே சுமக்கும் வேலைகளோடு இலவச இணைப்பாக அல்ல. ஆகஸ்ட் 10 அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தை மட்டும் கூட்டச் சொல்லுங்கள்: பிப்ரவரிக்குப் பிறகு இந்தப் பிள்ளை எத்தனை வாரம் இரும்பு மாத்திரை சாப்பிட்டது?