முதல் நாள் வகுப்பில்



நகரத்துக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் விரிவுரையாளராகப் பொறுப்பேற்கப்போகும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருக்கலாம். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். கணித ஆசிரியருக்கு இல்லாத ஒரு சங்கடம் உங்களுக்கு உண்டு. வந்திருப்பவர் எந்த மாநிலத்தார், எந்த ஜாதி, எந்தக் கட்சியைச் சார்ந்தவர் என்பதை உங்கள் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே வகுப்பு கணக்கிட்டுவிடும்.

1918 நவம்பரில் டாக்டர் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பியவர் அவர். ஆயினும் ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் ஆட்சேபித்தனர். மாணவர்களோ அவருடைய ஆழ்ந்த ஆயத்தத்தைக் கண்டுகொண்டனர். பிற கல்லூரி மாணவரும் அவர் வகுப்பைக் கேட்க வந்தனர். அவரை அறிமுகப்படுத்தியது பாடமே அல்லவா?

ஆகவே பெயரையும் படித்த இடத்தையும் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடியுங்கள். எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்பதைச் சொல்லவேண்டாம். ஒளிவுமறைவு எதற்கு என்று கேட்போரும் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. மதிப்பெண் இடும் கை உங்களுடையது. உங்கள் கட்சி தெரிந்துவிட்டால் விடைத்தாள்களெல்லாம் அந்தப் பக்கமே சாயும்.

பின்பு அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து 19-ஆம் பிரிவை வாசிக்கச் சொல்லுங்கள். இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்களுக்குள்ள உரிமை அதில் இருக்கிறது. பிற மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்தார் யார் யார் என்று கைதூக்கச் சொல்லாதீர்கள். கூசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். “வந்தவர்கள் எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்” என்று வீட்டில் கேட்டு வளர்ந்த மாணவனும் அதே பெஞ்சில் இருப்பான். அவனை அடக்காமல் பேசவிடுங்கள். பிறப்பிடத்தையோ வசிப்பிடத்தையோ மாத்திரம் காட்டி அரசு வேலையில் பாகுபாடு செய்யலாகாது என்கிறது 16-ஆம் பிரிவு. சிலவகை வேலைகளுக்கு வசிப்பிட நிபந்தனை விதிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் மணி அடிக்கும்வரை விவாதம் ஓயாது.

வீட்டுப்பாடமும் ஒன்று கொடுக்கலாம். வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆக 1989-இல் குறைக்கப்பட்டது. முதலாமாண்டு மாணவர் பலர் அந்த வயதை எட்டியவர்களே. தங்கள் பெயரும் பெற்றோரின் பெயரும் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளன, அல்லது எதிலுமே இல்லையா என்று விசாரித்து வரட்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம்; அதுவும் வழக்கமாக வசிக்கும் இடத்தில். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பது மட்டும் அதற்குப் போதாது. நகரத்தில் பதினைந்து வருடம் குடியிருந்தும் வாக்காளர் பட்டியலுக்கான படிவத்தைக் கண்ணாலும் காணாத தகப்பனிடம், அன்று மாலை பிள்ளை இதைக் கேட்கும்.