முத்தம்மா எழுதிக் கொடுத்த உறுதிமொழி

தூது சென்ற பெண் யார் என்று கேட்டால், தமிழ் படித்த எவரும் ஔவையார் என்று விடை சொல்லிவிடுவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்று, அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு, புகழ்வது போல் இகழ்ந்தவர் அவர். (தொண்டைமான் என்றதும் நம் புதுக்கோட்டை அரண்மனையை எண்ணிவிட வேண்டாம், இவன் சங்ககாலத்தவன்.) புறநானூறு காட்டும் இந்தத் தூதை நாம் தேர்வுக்குப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் விடுதலை பெற்று ஓராண்டே ஆன இந்தியா, தூதுப் பணி பெண்ணுக்கு ஏற்றதன்று என்று 1948-இல் ஒரு பெண்ணிடம் சொன்னது.

அவர்தான் சோனிரா பெல்லியப்பா முத்தம்மா. குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவராதலால் தமிழ்நாட்டு மாணவர்களாகிய நமக்கும் அவர்மீது சற்று உரிமை உண்டு. நேர்முகத் தேர்வில் வெளியுறவுப் பணி வேண்டாமென்று தடுத்துப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. 1949-இல் அப்பணியில் சேர்ந்த முதல் பெண்ணானார். ஆனால் சேரும்போதே, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகிவிடுவதாக அவரிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்கள். உடன் சேர்ந்த ஆடவர் எவரிடமும் இப்படி ஒரு தாள் நீட்டப்படவில்லை.

பொது அறிவு நூல்களில் முத்தம்மா அம்மையாருக்கு ஒரே வரிதான்: 'முதல் பெண் தூதர்'. அதுவும் முழுமையான விடையன்று. 1947-இலேயே மாஸ்கோவுக்குத் தூதராகச் சென்றவர் விஜயலட்சுமி பண்டிட். ஆயினும் அது அரசியலிலிருந்து வந்த நியமனம். தேர்வெழுதி நுழைந்து, பாரிஸ், ரங்கூன், லண்டன், டில்லி எனப் படிப்படியாகப் பணியாற்றி, 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானவர் முத்தம்மா. பின்னர் கானாவிலும் நெதர்லாந்திலும் இருந்தார். இந்த ஊர்ப் பட்டியலை விட, அவர் தம் சொந்த அரசாங்கத்தோடு நடத்திய வழக்கே அவருடைய வாழ்வில் பெரிய நிகழ்ச்சி என்பது என் கருத்து.

1961-இல் வெளியுறவுப் பணிக்கு விதிகள் வகுக்கப்பட்டன. பெண் அதிகாரி மணம் புரியுமுன் அரசின் எழுத்துமூலமான அனுமதி பெற வேண்டும். மணமான பின் குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் எந்நேரமும் விலகச் சொல்லலாம். மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. சமத்துவம் பேசும் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட விதிகள் இவை!

முத்தம்மாவுக்கு உயர்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. பணியில் இளையோர் முந்திச் சென்றனர். அவர் பணியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றம் சென்றார். ஓய்வூதியம் வந்த பிறகு வீரம் பேசுவோர் உண்டு. இவர் நாற்காலியில் அமர்ந்தபடியே நாற்காலி தந்தவரை எதிர்த்தார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டது. நியமனம் பற்றிய விதி 1973-இலேயே நீக்கப்பட்டதென்றும், திருமணம் பற்றிய விதியும் நீக்கப்படவிருப்பதாகவும் கூறியது.

1979-இல் தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் சிக்கலைத் தள்ளுபடி செய்யவில்லை என்பதையும் சொன்னார். குடும்பச் சுமை பெண்ணுக்குத் தடை என்றால் ஆணுக்கும் அது தடையாகாதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. அவருடைய பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும், பால்வேறுபாட்டின் கறை படிந்த விதிகளைத் திருத்தவும் அறிவுறுத்தினார். சட்டத்தின் கணக்கில் முத்தம்மா தோற்றவர். விதிகளின் கணக்கில்?

மூன்றாண்டுக்கொரு நாடு என்று மாறும் வேலையில் குடும்பப் பெண் எப்படி இருப்பாள், விதி நடைமுறை நோக்கில் எழுந்ததுதானே என்று சிலர் வாதிடக்கூடும். அப்படியானால் உள்நாட்டிலேயே பணி செய்யும் ஆட்சிப் பணியிலும் அதே நிபந்தனை ஏன் இருந்தது? 1951-இல் சென்னை மாநிலத்துக்கு வந்த அன்னா ராஜம் அவர்களின் நியமன ஆணையிலும் திருமணம் ஆனால் வேலை போகும் என்றே இருந்தது. ஓசூரில் சார் ஆட்சியராகப் பணிபுரிய எந்த நாட்டுக்குப் பெயர வேண்டியிருந்தது?

நம் மண்ணில் முத்துலட்சுமி அம்மையார் கல்லூரியில் சேர எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்ததால் கதவு திறந்தது. அது மன்னரின் கருணை. முத்தம்மா கேட்டது கருணையன்று, குடிமகளின் உரிமை. இந்த வேற்றுமையை நம் வீடுகள் இன்னும் உணரவில்லை. கீரனூரிலிருந்து காலைப் பேருந்தில் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் படிக்கச் செல்லும் மாணவியரில் எத்தனை பேர், 'வரன் அமையும்வரை படி' என்ற சொல்லின்பேரில் அனுப்பப்படுகிறார்கள்? 1949-இல் அரசு தாளில் வாங்கியதை நாம் தாளில்லாமலே வாங்குகிறோம். தாளில் இருந்ததால் அதை நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. இதை எங்கே காட்டுவது?

முத்தம்மா 1982-இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. படைக்குறைப்பை ஆராய்ந்த பால்மே ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். தம் அனுபவங்களை 2003-இல் நூலாக்கினார். 2009 அக்டோபரில் பெங்களூரில் அவர் மறைந்தபோது, இந்திய வெளியுறவுச் செயலாளர் பதவியில் இருந்தவர் நிருபமா ராவ். அவர் மணமானவர், இரு பிள்ளைகளின் தாய்.